பைபாஸோடு வால்வையும் மாற்றுவதா?



எங்கள் சமூகத்தில் பைபாஸ் சத்திரசிகிச்சை புதிய விடயமல்ல. ஆனால் அதற்கு முன் எடுக்கும் எக்கோவில் பெருநாடி வால்வும் ஒடுங்கியிருக்கிறது என்று தெரிந்தால், வீட்டில் எல்லோரும் திகைத்துப் போகிறோம். என் அண்ணருக்கு 68 வயதில் இதுவே நடந்தது. "வால்வையும் சேர்த்து மாற்றுவோமா? யோசித்துச் சொல்லுங்கள்" என்றார் வைத்தியர்.

சுகமான வால்வு 3 முதல் 4 சதுர சென்ரிமீற்றர் வரை திறக்கும். 1க்குக் கீழே போனால் கடும் ஒடுக்கம். அப்போது பைபாஸோடு மாற்றிவிடுவதே வழக்கம். இலேசான ஒடுக்கமென்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 1க்கும் 1.5க்கும் இடைப்பட்டதில்தான் குழப்பம். அண்ணருக்கு 1.2.

மாற்றினால் சத்திரசிகிச்சை நீளும். இருதயத்தை நிறுத்திவைக்கும் நேரமும் ஆபத்தும் கூடும். மாற்றாவிட்டால் ஒடுக்கம் வருடப்போக்கில் கூடலாம். பிறகு நெஞ்சை இரண்டாந்தரம் திறப்பது முதல்தரத்தைவிடக் கடினம். அதேவேளை, 2002இல் பிரான்சின் ருவான் நகரில் வைத்தியர் அலன் கிறிபியே நெஞ்சைத் திறக்காமல், இரத்தக்குழாய் வழியாக முதன்முதலில் வால்வு பொருத்தினார். இன்று அது பரவலான சிகிச்சை. ஆகவே "பிறகு பார்ப்போம்" என்பதும் ஒரு வழிதான். ஆனால் அது எல்லோருடைய உடம்புக்கும் பொருந்தாது.

அடுத்தது, எந்த வால்வு? உலோக வால்வு நீண்டகாலம் உழைக்கும். ஆனால் ஆயுள் முழுக்க வோர்பரின் மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். வல்லாரை, முருங்கையிலை போன்ற கீரைகளை ஒருநாள் நிறைய, ஒருநாள் இல்லை என்று சாப்பிடக்கூடாது. அளவு ஒரே சீராக இருக்கவேண்டும். திசு வால்வு பொதுவாக 10 முதல் 15 வருடம் உழைக்கும். வேறு காரணம் இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க வோர்பரின் தேவைப்படாது. அது மாட்டின் அல்லது பன்றியின் திசு. மரக்கறி மட்டும் சாப்பிடும் அண்ணர் ஒரு இரவு முழுக்க யோசித்தார். "உயிருக்குத்தானே" என்று சம்மதித்தார்.

அவருடைய வால்வில் கல்சியம் நிறையப் படிந்திருந்தது. ஒடுக்கம் விரைவில் கூடும் என்றார் வைத்தியர். அதனால் சேர்த்தே மாற்றினோம். எழும்பி நடமாட நாள் எடுத்தது. இப்போது சுகமாக இருக்கிறார். ஆனால் இது அவருக்கான முடிவு. 80 வயதான, சிறுநீரகமும் பலவீனமான ஒருவருக்கு வேறு முடிவு சரியாக இருக்கலாம்.

நேயர்களே, வைத்தியரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். ஒடுக்கம் எவ்வளவு? எவ்வளவு வேகமாகக் கூடுகிறது? இப்போது மாற்றினால் எனக்கு ஆபத்து எவ்வளவு கூடும்? பிறகு குழாய் வழியாக மாற்ற என் உடம்பு ஏற்றதா? மொழி சிக்கலென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பதினான்கு வயதுப் பேரப்பிள்ளையின் தலையில் இந்தச் சுமையை ஏற்றாதீர்கள்.