வளை தோண்டியவன் கூலி

(நண்பர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



2017இல் தில்லி ஜந்தர் மந்தரில் தமிழக விவசாயிகள் உட்கார்ந்து போராடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2016 வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசே அறிவித்தது. பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. தில்லி திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் எலியைப் பல்லில் கவ்விக்கொண்டு நின்றார்கள். அந்தப் படம் நாடு முழுக்கப் போனது. 'அய்யோ, எலி திங்கிற நெலமைக்கு வந்துட்டாங்களே' என்று ஊரே உச்சுக்கொட்டியது.

நான் வேலை பார்க்கும் வங்கியிலும் பேச்சு வந்தது. "மனுசன் திங்கிறதா சார் அது?" என்றார் ஒருவர். "நாங்க தின்னிருக்கோம் சார். நல்லா இருக்கும்" என்றேன். அதோடு பேச்சு நின்றுபோனது.

விவசாயிகளின் துயரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. என் கேள்வி வேறு. அவர்களுடைய அழிவுக்கு அடையாளமாகக் காட்டப்பட்டது எது? எங்கள் வீட்டுச் சட்டியில் வெந்த கறி. விளைச்சல் நன்றாக இருந்த வருசத்தில்தான் நாங்கள் அதை அதிகம் தின்றோம் என்பது யாருக்குத் தெரியும்?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரம். இன்றைக்குக் காடெல்லாம் மனைப்பிரிவாகிக் கல் நட்டாயிற்று. நான் சிறுவனாக இருந்தபோது தை பிறந்தால் சோளம் அறுப்பார்கள், வயலில் நெல் அறுப்பார்கள். அறுப்பு முடிந்து மாசிப் பனி விலகுவதற்குள் வேட்டை. அதற்குக் காரணம் உண்டு. பயிர் நிற்கும்போது வளை கண்ணுக்குப் படாது. கோடை வந்துவிட்டால் மண் இறுகிக் கடப்பாரை இறங்காது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சில வாரங்களில் எலி கொழுத்திருக்கும், வளைக்குள் கதிரும் சேர்ந்திருக்கும்.

வரப்பெலி வேறு, வெள்ளெலி வேறு. வரப்பெலி ஈர நிலத்துக்காரன். வளை வாயில் புதுமண்ணைக் குவித்து அடைத்துவிட்டு, உள்ளே கதிரைக் கத்தை கத்தையாகச் சேர்த்துவைக்கும். வெள்ளெலி மானாவாரிக் காட்டுக்காரன். தப்பிப்போக ஒரு வழியை மேல்மண் வரைக்கும் தோண்டி, மெல்லிசாக மூடிவைத்திருக்கும். மேலே பார்த்தால் வெறும் தரை. அது எங்கே இருக்கும் என்று எங்கப்பா நின்ற இடத்திலிருந்தே கை காட்டுவார். அந்த இடத்தைக் காலால் அமுக்கிக்கொண்டு நிற்பது பொடியன்கள் வேலை. பானையில் வைக்கோலையும் வறட்டியையும் திணித்து நெருப்பு வைத்து, அதன் வாயை வளையில் பொருத்தி, அடியில் இருக்கும் ஓட்டையில் ஊதுவார்கள். வளைக்குள் போகிற புகையில் பாதி ஊதுகிறவர் நெஞ்சுக்குள்ளும் போகும். அப்புறம் மண்வெட்டி, கடப்பாரை. எலி எங்களுக்கு. ஒடைந்த வரப்பை மறுபடி அணைத்துக்கொடுப்பதும் நாங்கள்தான்.

மண்ணைத் தெரியவேண்டும், பருவத்தைத் தெரியவேண்டும், பிராணியின் புத்தியைத் தெரியவேண்டும். பல்கலைக்கழகத்தில் படித்தால் இதற்குப் பெயர் விலங்கியல். சேரியில் பிறந்து தெரிந்துகொண்டால் 'எலி திங்கிற சாதி'.

சரி, இந்த வேலையால் லாபம் யாருக்கு? அடுத்த போகத்துக்கு நிலம் எலியில்லாமல் கிடைத்தது தோட்டத்துக்காரருக்கு. கூலி எவ்வளவு? ஒன்றும் இல்லை. 'அதான் எலி கெடச்சுதில்ல' என்பார்கள். வளையிலிருந்து எடுத்த சோளத்தில் பங்கு கேட்டவர்களும் உண்டு என்று எங்கப்பா சொல்வார். விளைந்தது என் நிலத்தில்தானே என்று நியாயம் வேறு.

நான் வங்கி எழுத்தன். பயிர்க்கடன் படிவம் தினமும் என் கையில் புரளுகிறது. ஏக்கருக்கு விதை இவ்வளவு, உரம் இவ்வளவு, மருந்து இவ்வளவு, ஆள்கூலி இவ்வளவு என்று கணக்கு வரும். எலிக்கு வைக்கும் விசத்தை அந்தக் கணக்கில் சேர்க்கலாம். எலியைப் பிடிக்கும் மனிதனுக்கு அதில் தனியாக ஒரு வரி நான் பார்த்ததில்லை. வீட்டுக்கடன் வாங்க வருகிறவர்கள் 'எலி வளையானாலும் தனி வளை வேணும் சார்' என்கிறார்கள். நல்ல பழமொழி. ஆனால் வளையைத் தோண்டிப் பார்த்த சனத்துக்குத்தான் தனி வளைக்கு நாதியில்லை. நிலமில்லாதவனுக்கு ஈடு ஏது?

இங்கே ஒரு கேள்வி வரும். வரவேண்டும். 1927இல் மகாடில் அம்பேத்கர் செத்த மாட்டுக்கறியை விடுங்கள் என்று சொன்னாரே, எலியையும் விட்டுவிட வேண்டியதுதானே என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். கவனிக்க வேண்டும். செத்த மாட்டை இழுப்பது ஊர் நம்மீது சுமத்திய கடமை. கறி அந்த அடிமைவேலைக்கு எறியப்பட்ட மிச்சம். எறியப்பட்டதைத் தொடாதே என்றார் அவர். எலி நாமே தேடி, நாமே பிடித்து, உயிரோடு எடுத்தது. அதில் இழிவு இல்லை. இழிவு, கூலி தராமல் வேலை வாங்கியதில் இருக்கிறது. நாம் விடவேண்டியது அந்தக் கூலியில்லா ஊழியத்தை. கறியைத் தின்பதும் விடுவதும் அவரவர் நாக்கின் பாடு.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழி உண்டு. பீகாரில் எலி பிடிப்பதையே சாதிப் பெயராகச் சுமக்கும் முசாகர் மக்கள் பெரும்பாலும் நிலமற்றவர்கள். 2008இல் அந்த மாநிலத்து நலத்துறையிலிருந்து ஒரு யோசனை வந்தது. உணவுப் பஞ்சத்துக்கு எலிக்கறி நல்ல வழி, எலிப்பண்ணை வைக்கலாம் என்று. நிலம் கேட்டவனிடம் எலியைக் காட்டுகிறார்கள். 'ஆகா, பாரம்பரிய உணவு' என்று நம்மைத் தட்டிக்கொடுப்பவர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். பாராட்டு கூலி ஆகாது.

அப்படியென்றால் வழி என்ன? இந்தத் தமிழ்நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. இருளர்கள் பாம்பு பிடித்துத் தோலை விற்றுப் பிழைத்தவர்கள். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, தோல் வியாபாரம் அடைபட்டது, பிழைப்பு போனது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து, விசம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து அந்த விசத்திலிருந்துதான் தயாராகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருது இருக்கட்டும். அறிவு அதே அறிவுதான். அதற்கு ஒரு சங்கமும் கணக்குப் புத்தகமும் விலையும் வந்தபோது அது தொழில் ஆனது. அதனால் இருளர் வாழ்க்கை முழுக்க விடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வழி இருக்கிறது என்று சொல்கிறேன்.

அதே 1972 சட்டம் உடும்பு, முயல், கௌதாரி வேட்டையைக் குற்றமாக்கியது. அவற்றை விடத்தான் வேண்டும். எலிக்கு அந்தத் தடை இல்லை. பயிரழிக்கும் உயிர் என்றுதான் சட்டம் அதை வைத்திருந்தது. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. ஆக எலி பிடிப்பது குற்றமல்ல, பயிர்க்காப்பு. பயிர்க்காப்புக்கு உரிய கூலி எங்கே?

எனவே நான் கேட்பது நான்கு. ஒன்று, ஏக்கருக்கு இவ்வளவு என்று எலி பிடிக்கக் கூலி பேசாமல் யாரும் பானையைத் தூக்கக்கூடாது. இரண்டு, பயிர்க்கடன் கணக்கில் அந்தக் கூலிக்குத் தனி வரி வேண்டும். மூன்று, விசம் வைத்த நிலத்துக்காரர் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். விசம் தின்ற எலி சேரிச் சட்டிக்கு வந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. நான்கு, வாயால் ஊதும் பானைக்குப் பதில் கையால் சுற்றும் புகைக்கருவி வேண்டும். வளையில் கை விடுகிறவருக்குக் கையுறை வேண்டும். எலிக்காய்ச்சல் அந்த ஈர மண்ணிலும் இருக்கிறது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்ச் சேரியில் வளை பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த மண்ணில் எந்த எலி, எந்த மாதம், எத்தனை வாசல், எந்தக் கருவி என்று கேட்டு எழுதுங்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள். யார் நிலத்தில் பிடித்தீர்கள், என்ன கொடுத்தார்கள்? முதல் கேள்விக்கு வரும் பதில் நம் அறிவு. இரண்டாவதுக்கு வரும் பதில் நமக்கு வரவேண்டிய பாக்கி. வங்கியில் இருப்பதால் சொல்கிறேன், எழுதிவைக்காத பாக்கி வசூலாகாது.