இமேஜிலிருந்து எதை எடுக்க வேண்டும்?

ஒரு கல்லூரியில் ஐந்நூறு கணினிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஐந்நூறும் ஒரே நாளில் வந்தவையாக இருக்காது. ஒவ்வோர் ஆண்டும் டெண்டரில் யார் விலை குறைவோ, அவர்கள் சரக்கு. கீழ்த்தளத்தில் டெல், மாடியில் ஹெச்பி, கணக்குப் பிரிவில் மட்டும் எப்போதோ வந்த லெனோவோ. அத்தனைக்கும் விண்டோஸ், ஆபீஸ், ஆன்டிவைரஸ், பிரிண்டர் எல்லாம் போட்டுத் தர வேண்டும். ஒவ்வொன்றின் முன்னும் உட்கார்ந்து செய்தால் விடுமுறை முழுக்கப் போய்விடும்.

இந்தச் சிரமத்துக்கு வழியாக, 1995 வாக்கில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மரே ஹாஸார்ட் என்பவர் 'கோஸ்ட்' என்ற மென்பொருளை எழுதினார். ஒரு கணினியைப் பக்குவமாகத் தயார் செய்து, அதன் ஹார்டு டிஸ்க்கை அப்படியே ஒரு கோப்பாக எடுத்துவிடலாம். அதுதான் இமேஜ். மற்றவற்றில் அதை இறக்கினால் வேலை முடிந்தது. 1998-ல் சிமான்டெக் நிறுவனம் அதை வாங்கியது.

ஆனால் அப்படியே எடுப்பதில்தான் வம்பும் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து இமேஜ், தான் பிறந்த கணினியின் வன்பொருளை மனதில் வைத்துக்கொண்டே வரும். வேறு டிஸ்க் கன்ட்ரோலர் உள்ள கணினியில் இறக்கினால், நீலத் திரையில் 0x0000007B என்ற பிழை எண். பூட் ஆகும் டிஸ்க்கையே காணோம் என்று பொருள். அதனால் மாடலுக்கு ஓர் இமேஜ் என்று வைத்தார்கள். பதினைந்து மாடல் என்றால் பதினைந்து இமேஜ்; மாதந்தோறும் வரும் பாதுகாப்பு அப்டேட்டைப் பதினைந்திலும் ஏற்ற வேண்டும். யார் செய்வார்கள்? பழைய இமேஜே ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்த விண்டோஸான விஸ்டாவோடு வந்த விம் என்ற கோப்பு முறை இந்தச் சுமையை இறக்கியது. இமேஜில் விண்டோஸ் மட்டும் இருக்கும். வன்பொருளை இயக்கும் டிரைவர்கள் வெளியே, மாடல்வாரியாகத் தனித்தனி ஃபோல்டர்களில். நிறுவும்போது கணினி தன் பயாஸில் உள்ள மாடல் பெயரைச் சொல்லும். அதற்குரிய டிரைவர்கள் மட்டும் உள்ளே போகும். லெனோவோவில் பெயருக்குப் பதில் ஏதோ குறியீட்டு எண் வந்து நிற்கும் என்பது இந்தத் துறைக்காரர்களின் நிரந்தர எரிச்சல். என்னைக் கேட்டால், அடிக்கடி மாறும் மென்பொருள்களையும் வெளியே வைப்பதே நல்லது. ஒரே மாடலில் நாற்பது கணினி உள்ள ஆட்டோகேட் லேப் என்றால் மட்டும், எல்லாவற்றையும் திணித்த கனமான இமேஜ் சரிப்படும்.

டிரைவர் போலவே எடுக்க வேண்டிய இன்னொன்று, கணினியின் அடையாளம். நமக்கு ஆதார் எண் மாதிரி, ஒவ்வொரு விண்டோஸுக்கும் எஸ்ஐடி என்றோர் எண் உண்டு. நகலெடுத்தால் அதுவும் நகலாகும். அதை அழிக்க மைக்ரோசாஃப்ட் 'சிஸ்பிரெப்' என்ற கருவியைத் தந்திருக்கிறது. விண்டோஸ் நிபுணர் மார்க் ருசினோவிச்சும் எஸ்ஐடியை மாற்ற 'நியூஎஸ்ஐடி' என்று ஒன்றை எழுதியிருந்தார். 2009-ல் அவரே, இரண்டு கணினிக்கு ஒரே எஸ்ஐடி இருப்பதால் பெரிய கெடுதி இல்லை என்று விளக்கி, அதை நிறுத்திவிட்டார். அப்போதும் சிஸ்பிரெப்பைத் தவிர்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை. பலர் காதில் விழுந்தது முதல் பாதிதான்.

நேயர்களே, 2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட்டுகள் எஸ்ஐடியைக் கறாராகச் சோதிக்கத் தொடங்கின. சிஸ்பிரெப் ஓட்டாமல் நகலெடுத்த கணினிகள், ஒன்றின் பகிர்ந்த ஃபோல்டரை மற்றொன்று திறக்க விடவில்லை. ரிமோட் டெஸ்க்டாப்பில் சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் நுழைய முடியவில்லை. மைக்ரோசாஃப்ட் சொன்ன நிரந்தரத் தீர்வு ஒன்றுதான்: அந்தக் கணினிகளை முறைப்படி மறுபடி நிறுவுங்கள்.