பீத்தோவனின் காதும் என் காதும்

(நமது சங்கத்தின் மூத்தோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



36 வருஷம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணியவன் நான். படித்தது பி.காம். மேற்கத்திய இசை பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைக்கலாம். என் தகுதி இந்த வலது காதில் இருக்கிறது. இரண்டு வருஷமாகக் கருவி மாட்டியிருக்கிறேன். அதற்கு முன் ஐந்து வருஷம் குறையை மறைத்துக்கொண்டு திரிந்தேன். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

பீத்தோவன் 1770-இல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தவர். 1792-இல் வியன்னாவுக்குப் போனார். முதலில் பியானோ வாசிப்பவராகத்தான் புகழ் பெற்றார். முப்பது வயதை நெருங்கும்போது காதில் இரைச்சல் தொடங்கியது. 1801-இல், மருத்துவரான வேகெலர் என்ற பழைய நண்பருக்குக் கடிதம் எழுதினார். செவிடன் என்று சொல்ல வாய் வராததால் நாலு பேர் கூடும் இடத்துக்கே போவதில்லை; மெல்லப் பேசினால் குரல் கேட்கிறது, வார்த்தை புரிவதில்லை என்கிறார். அதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் நிலைமையும் அதேதான்!

மறு வருஷம் ஹைலிகன்ஸ்டாட் என்ற கிராமத்தில் இருந்தபடி தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். உயிரை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்ததாகவும், இசைதான் தடுத்தது என்றும் அதில் இருக்கிறது. அதை அவர் அனுப்பவே இல்லை. 1827-இல் அவர் இறந்த பிறகே அது கிடைத்தது.

அதன் பிறகு அவர் முடங்கிப் போகவில்லை. 'எரோயிகா' சிம்பொனி அடுத்த ஓரிரு வருஷங்களில் எழுதியதுதான். ஆனால் மேடை மெல்லக் கைநழுவியது. 1814-இல் பியானோ வாசித்தபோது, பலமாக வரவேண்டிய இடத்தில் கட்டைகளை அடித்தார். மென்மையான இடத்தில் சத்தமே எழவில்லை என்று கூட இருந்தவர் எழுதியிருக்கிறார். வாசிப்பவர் போய், எழுதுபவர் மட்டும் மிஞ்சினார். மனதுக்குள் கேட்டதை நோட்டில் குறித்துக் குறித்துத் திருத்தினார்.

1818 முதல் அவரிடம் பேச வந்தவர்கள் நோட்டில் எழுதிக் காட்டினார்கள். அவர் பெரும்பாலும் வாயால் பதில் சொன்னார். அதனால் இன்று அந்த நோட்டுகளைப் பார்த்தால் கேள்வி இருக்கும், பதில் இருக்காது. வரவு மட்டும் எழுதி, பற்றே எழுதாத பேரேடு மாதிரி!

கடைசிக் காலத்து இசையை ரசிகர்களால் எளிதில் ஏற்க முடியவில்லை. 1826-இல் ஒரு நால்வர் இசையின் இறுதிப் பகுதியான 'பெரும் ஃபியூக்' புரியவில்லை என்றார்கள். பதிப்பாளர் கேட்டுக்கொண்டபடி வேறு முடிவு எழுதிக் கொடுத்தார். பழையதும் தனியாக அச்சானது. இன்று அதைப் பெரிய படைப்பு என்று கொண்டாடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் காதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கைதட்டலே காதில் விழாதவர், கைதட்டலுக்காக எழுத வேண்டியதில்லை அல்லவா?

1824 மே 7. வியன்னாவில் ஒன்பதாவது சிம்பொனியின் அரங்கேற்றம். பீத்தோவன் மேடையில் நின்றாலும், உண்மையில் நடத்தியவர் உம்லாஃப். சபை ஆரவாரம் செய்கிறது. இவர் முதுகு காட்டி நிற்கிறார். கரோலின் உங்கர் என்ற இளம் பாடகி அவரைத் தொட்டுத் திருப்பினார். அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று ரசிகர்கள் கைக்குட்டைகளை ஆட்டினார்களாம்.

என்னைத் திருப்பியது என் பேத்தி. பள்ளி ஆண்டு விழாவில் பாடுகிறேன், வாங்க தாத்தா என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். என் காதில் சரியாக விழவில்லை. வழக்கம்போல் சிரித்துத் தலையாட்டினேன். போகவில்லை. மறுநாள் அவள் அழுதாள் என்று மருமகள் சொன்னபோதுதான் விஷயமே தெரிந்தது. அந்த வாரமே பரிசோதனைக்குப் போனேன். அந்தப் பாட்டு போனது போனதுதான்.

பீத்தோவனுக்குக் கிடைத்தது உலோகக் குழல்கள்தான். நமக்கு நல்ல கருவிகள் இருக்கின்றன. கண்ணாடி போட வெட்கப்படாத நாம், இதற்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்? சந்தேகம் இருப்பவர்கள் தள்ளிப்போடாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொதுக்குழுவில் தயவுசெய்து ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் பேசுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே பெரிய உதவி.