பங்குனியில் ஒரு விதை இருப்பு



பங்குனி வந்துவிட்டது. நம் நெல்லிவாசல்நாட்டில் புளி உடைக்கும் நேரம். அதோடு வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்ய இன்னொரு வேலை சொல்கிறேன்.

போன ஆடியில் விதைக்க என் வீட்டில் பீர்க்கன் விதை இல்லை. அம்மா காலத்து விதை. ஒரு வருஷம் எடுத்துவைக்க மறந்தேன், போய்விட்டது. கடையில் வீரிய ஒட்டு விதை வாங்கினேன். நன்றாகவே காய்த்தது. ஆனால் அதன் விதையை மறுபடி போட்டால் அதே குணத்தோடு காய்க்காது. பாங்கில் ஊரார் சேமிப்புக்குக் கணக்கு எழுதியவன், சொந்த இருப்பைக் கோட்டை விட்டேன்.

நீங்கள் விடாதீர்கள். கொடியில் முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். குலுக்கினால் சலசலக்கும். நுனியை ஒடித்தால் விதை கொட்டும். கூடு உடம்பு தேய்க்கும் நாராகும். அவரை, மொச்சை விதைகளை நன்றாகக் காயவைத்துச் சாம்பலில் புரட்டி, உலர்ந்த சுரைக்குடுக்கையில் போட்டு வாயை அடையுங்கள். வண்டு எளிதில் அண்டாது. விதையின் பெயரையும் வருஷத்தையும் சீட்டில் எழுதுவது பேரப்பிள்ளைகள் பொறுப்பு.

ஆடிக்கு முன் நடக்கும் சங்கக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பிடி கொண்டுவாருங்கள், மாற்றிக்கொள்வோம். ஒரு வீட்டில் தீர்ந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும். பழைய பீர்க்கன் விதை வைத்திருப்பவர்கள் எனக்கும் நாலு கொடுங்கள்.