அறிந்து வாக்களிப்போம்



விஷயம் தெரியாதவர்களுக்கும் வாக்குரிமை அளித்தால் ஜனநாயகம் உருப்படுமா என்று கேட்போர் நம்மிடையே உண்டு. இக்கேள்வியை ஒதுக்கிவிடாமல் ஆராய்வது நம் கடமையாகும்.

1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சொத்து, வரி, படிப்பு முதலிய தகுதிகளைக் கொண்டு ஒரு சிலருக்கே வாக்கு இருந்தது. நமது அரசியல் சட்டம் வயது வந்தோர் அனைவருக்கும் அவ்வுரிமையை வழங்கிற்று. 1951-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேரே. அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை முதற் பொதுத் தேர்தல் நடைபெற்றது. வாக்காளர்கள் சுமார் 17 கோடிப் பேர். எழுத்தறியாதோரை முன்னிட்டு, ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைக்கப்பட்டது. எழுத்தறியாதவர்களே மிகுந்திருந்த இந்நாட்டு மக்கள், 1977-ல் தம் வாக்கினால் மத்திய ஆட்சியையே அமைதியாக மாற்றினார்கள்.

எழுத்தறிவு வேறு, விஷய அறிவு வேறு. ஏரியின் மதகு பழுதுபட்டிருப்பதைக் கடைமடை உழவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. காய்ந்த பயிரே அவருக்குச் சொல்லிவிடும். ஆனால், அம்மதகைச் செப்பனிட ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு என்பது, படித்தவரானாலும், பிறர் சொன்னாலன்றித் தெரியாது. அது தெரியாதபோது சாதியும் பணமும் வாக்கைத் தீர்மானிக்கின்றன. ஆகவே அறியாமையால் தீங்கில்லை என்று நாம் கூறவில்லை. வாக்கைப் பறிப்பது அதற்குப் பரிகாரமாகாது என்றே கூறுகிறோம். வாக்கற்றவரின் குறையைக் கேட்க யார் முன்வருவார்?

பரிகாரம் கிராம சபையில் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அச்சபையின் உறுப்பினர்களே. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுடன், மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் 2022-ல் கிராம சபைக்கென அறிவிக்கப்பட்டன.

அங்கத்தினர்களாகிய நாம் அச்சபையில் வரவு செலவை அனைவருக்கும் விளங்கும்படி உரக்க வாசிக்க வேண்டும். கேள்வி கேட்பவரைப் பகைவராகக் கருதலாகாது. உழவர்களாகிய நாமோ, பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ இட்டுவிட்டு எழுந்து போகாமல், இறுதிவரை அமர்ந்திருந்து, ஐயங்களைக் கேட்டுத் தெளிய வேண்டும். பெண்களும் முன்வரிசையில் அமர்ந்து பேச இடமளிக்க வேண்டும்.

கணக்கை மறைத்துவிட்டு, வாக்காளருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று குறைகூற நமக்கு உரிமையில்லை. வருகிற கிராம சபையிலேயே இப்பணியைத் தொடங்குவோமாக!