மருந்தே போட்டுவிடும் சுவிட்ச்

இன்னைக்கு கேண்டிடா கிளாப்ரேட்டா பத்திப் பேசலாம். பேக்கரியில பன்னை உப்ப வைக்கிற ஈஸ்ட்டுக்கு நெருங்கின சொந்தம் இது. நம்மில் பலரோட வாயிலயும் குடல்லயும் சத்தமில்லாம குடியிருக்கும். எதிர்ப்பு சக்தி குறைஞ்சா, ஐ.சி.யு.வுல ரொம்ப நாள் படுத்தா, ரத்தத்துக்குள்ள இறங்கிடும். 2022ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 19 ஆபத்தான பூஞ்சைகள் பட்டியல்ல இதுவும் இருக்கு.

உள்ள வந்ததும் மேக்ரோஃபேஜ்னு ஒரு காவல் செல் இதை முழுங்கிடும். அந்த வயித்துக்குள்ள சாப்பாடு கிடையாது, ரசாயனத் தாக்குதல் வேற. ஆனா இந்த ஈஸ்ட் சாகாம, உள்ளேயே பெருகுது. எப்படி?

ஹைதராபாத் சி.டி.எஃப்.டி.யில ருபிந்தர் கவுர் குழு 2012ல் இதுக்கு ஒரு பதில் சொன்னாங்க. 18,350 ஈஸ்ட் வகைகளை எடுத்தாங்க, ஒவ்வொண்ணுலயும் டி.என்.ஏ.வுல ஏதோ ஒரு இடம் உடைக்கப்பட்டிருக்கும். கோட்ல ஒவ்வொரு வரியா கமெண்ட் பண்ணி, எது போனா ஆப் கிராஷ் ஆகுதுன்னு பாப்போமே, அதே வேலைதான். மேக்ரோஃபேஜுக்குள்ள தாக்குப்பிடிக்க 56 ஜீன்கள் தேவைன்னு தெரிஞ்சது. அதுல நிறைய, டி.என்.ஏ.வை எப்படிச் சுருட்டி வைக்கணும்னு முடிவு பண்றவை.

டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதத்து மேல நூல்கண்டு மாதிரி சுத்தியிருக்கும். இறுக்கினா அந்த ஜீனைப் படிக்க முடியாது, தளர்த்தினா படிக்கலாம். ஆபத்து வந்ததும் ஈஸ்ட் கண்டையே மாத்திச் சுத்துது. கோட் அதேதான், எந்த ஃபைல் ஓடணும்கிறதுதான் மாறுது.

இனிமேதான் பயப்பட வேண்டிய விஷயம். இதுகிட்ட பி.டி.ஆர்.1னு ஒரு சுவிட்ச் புரதம் இருக்கு. கீட்டோகொனசோல் மாதிரியான அசோல் மருந்து உள்ள வந்தா, அந்த மருந்தே நேரா போய் இந்த சுவிட்ச்ல ஒட்டிக்கும். சுவிட்ச் ஆன். உடனே பம்ப் புரதங்களோட ஜீன்கள் ஓட ஆரம்பிச்சு, மருந்தை வெளிய இறைச்சுத் தள்ளும். 2008ல் நேச்சர் இதழ்ல வந்த கண்டுபிடிப்பு இது.

இது தற்காலிக ஏற்பாடு, மருந்து போனா சுவிட்சும் அடங்கும். ஆனா பி.டி.ஆர்.1 ஜீன்லயே ஒரு எழுத்து மாறிட்டா? இஃப் கண்டிஷனைத் தூக்கிட்டு 'ட்ரூ'ன்னு ஹார்ட்கோட் பண்ண மாதிரி. பம்ப் எப்பவும் ஓடும். திரும்பத் திரும்ப மருந்து படும்போது, பிழைச்சுப் பெருகுறது அந்த மாதிரி ஆட்கள்தான்.

எங்க எடப்பாடிப் பக்கம், "போன தடவை குடுத்த அதே மாத்திரையைக் குடுங்கண்ணா"ன்னு மெடிக்கல்ல கேக்குறது சகஜம். பூஞ்சை செல்லும் நம்ம செல்லும் அடிப்படையில ஒரே மாதிரி. நம்மளை விட்டுட்டு அதை மட்டும் கொல்ற மருந்து வகைகள் கைவிரல்ல எண்ற அளவுதான். அதனால வெள்ளைப்படுதல், வாய்ப்புண் திரும்பத் திரும்ப வந்தா, டாக்டரைப் பாத்து, "கல்ச்சர் டெஸ்ட் எடுக்கலாமா"ன்னு கேளுங்க. எந்த ஈஸ்ட், எந்த மருந்துக்கு மடியும்னு அதுல தெரிஞ்சிடும். வீட்ல சுகர் இருக்குற பெரியவங்க இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கும் போட்டுக் காட்டுங்க.