மாடு நிழலில் படுப்பது சோம்பலா?



உச்சி வெயிலில் மாடு மேய்ச்சலை விட்டு மரத்தடியில் படுத்துவிட்டால், "வெட்டியாகக் கிடக்கிறது" என்று அதை அடித்துக் கிளப்புகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். வேலைக்கு நடுவே கூலிக்காரன் ஒரு வாய் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தாலும் இதே பேச்சுத்தான். இன்று மாட்டின் வழக்கைப் பேசுவோம்.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளை நம்மில் பலர் அறிவோம். சுற்றிலும் கிளுவை வேலி; உள்ளே கொழுக்கட்டைப் புல்; இடையிடையே வெள்வேல மரம். வேலிக்குள் விட்ட மாட்டுக்குக் கூட ஆள் வேண்டியதில்லை. தன் நேரத்தை அது தானே வகுத்துக்கொள்கிறது. விடிந்ததும் மேய்கிறது; வெயில் ஏறியதும் நிழலுக்குப் போகிறது; பொழுது சாய மறுபடியும் மேய்கிறது.

நிழலில் அது சும்மாவா இருக்கிறது? இல்லை, அசை போடுகிறது! மேய்ந்த புல்லை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து மென்றால்தான் அது உடம்பில் ஒட்டும். நாளொன்றுக்கு 7, 8 மணி நேரம் இந்த வேலைக்கே போகிறது. வயிற்றில் தீனி புளிக்கும்போது சூடும் பிறக்கிறது. வெளியே வெயில், உள்ளே இந்தச் சூடு. இவ்விரண்டுக்கும் நடுவில் மாட்டின் உடம்பு 38.5 டிகிரி சென்டிகிரேடு அளவில் நின்றாக வேண்டும்.

நிழல் இல்லாத காட்டில் மாடு படுப்பதில்லை. உடம்பில் காற்றுப் படட்டும் என்று நின்றுகொண்டே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியை மொய்க்கிறது. மூச்சு இரைக்கிறது, வாயில் நுரை தள்ளுகிறது. தீனி குறைகிறது, சதை பிடிப்பதும் பால் சுரப்பதும் குறைகின்றன. நம் நாட்டுத் திமில் மாடு வெயிலை ஓரளவு தாங்கும். சீமை மாடு அவ்வளவு தாங்காது.

வெயில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலமே சாட்சி. அங்கே இறைச்சிக்காக மாடுகளைப் பட்டிகளில் அடைத்துக் கொழுக்க வைக்கிறார்கள். 2022 ஜூனில் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஏறின, காற்று நின்றது, இரவிலும் சூடு தணியவில்லை. குறைந்தது 2,000 மாடுகள் செத்தன. மேய்கிற மாடு நிழலைத் தேடி நடக்கும். அடைபட்ட மாடு எங்கே போகும்?

தகரக் கூரை போட்டால் போதாதா என்று கேட்கலாம். தகரம் தானும் காய்ந்து, சூட்டைக் கீழேயும் இறக்கும். மரத்தின் இலையோ நீரை ஆவியாக விட்டுக் குளிர்ந்து நிற்கும். வெள்வேலங்காயும் மாட்டுக்குத் தீனி.

ஆனால் ஒற்றை மரம் போதாது. வலுத்த மாடு நடுவில் படுக்கும். இளைத்தது வெயிலில் நிற்கும். சாணமெல்லாம் ஒரே இடத்தில் குவியும். புல் மிதிபட்டு அழியும். மரங்கள் பரவி நின்றால் நிழலும் பங்காகும். எருவும் காடெங்கும் சேரும்.

தோழர்களே, நம்மில் பலருக்குக் கொரங்காடு சொந்தமில்லை. நம் ஒற்றை மாடு மேய்வது ஏரிக்கரையிலும் மேய்ச்சல் புறம்போக்கிலுந்தான். அங்கே ஒரு மரம் சாய்ந்தால் நட்டம் நம் வீட்டுக்கு. ஆகவே பொது மேய்ச்சல் நிலத்தில் கோடரி விழுந்தால் கூடிநின்று கேட்போம். கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருவோம். வரும் மழைக்கு வெள்வேலங்கன்றுகளைத் தள்ளித் தள்ளி நட்டு முள் அடைப்போம். உச்சிப் பொழுதில் மாட்டை நிழலுக்கு விடுவோம். மேய்க்கிறவரும் அங்கேயே உட்காரட்டும். அதைச் சோம்பல் என்று எவரும் சொல்ல வேண்டாம்!